சுருதிப் பெட்டியோடு வெளியே அனுப்புங்கள்

கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

இசை ஆசிரியராகப் பயிற்சி பெறும் இளைஞர்களைப் பற்றி ஒரு கோரிக்கை. கோப்பில் குறித்துக்கொள்ள வசதியாக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வாங்குவதற்கு முன் அவர்கள் ஒரு பருவம் முழுக்க, தங்களைப் போல் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்க வேண்டும். செவித்திறன் குறைந்த பிள்ளை, பார்வையில்லாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, மகரக்கட்டு உடைகிற வயதில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன், நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பு என்று எல்லாரையும் அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

இசை ஆசிரியரை முறையாக உருவாக்க வேண்டும் என்பது சென்னைக்குப் புதிய யோசனை இல்லை. மியூசிக் அகாடமி 1931லேயே இதற்கென ஒரு கல்லூரி தொடங்கிவிட்டது. 1949ல் அரசும் ஒரு கல்லூரி திறந்து, முசிறி சுப்பிரமணிய ஐயரை அதற்கு முதல்வராக்கியது. பாட்டு, குருவின் வீட்டுத் திண்ணையை விட்டு வகுப்பறைக்குக் குடிவந்த காலம் அது. ஆனால் திண்ணையின் பழக்கம் ஒன்றும் சாமான்களோடு சேர்ந்து வந்துவிட்டது. குருகுலத்தில் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் குரு. சாரீரம் எப்படி, ஞானம் எப்படி என்று பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் “உனக்கு வராதுப்பா” என்று அனுப்பிவிடுவார். அரசுப் பள்ளியில் பாட்டு வாத்தியாருக்கு அந்த உரிமை இல்லை, இருக்கவும் கூடாது.

பயிற்சி வகுப்பு எடுப்பது இப்போதும் நடக்கிறது. யாருக்கு எடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் பார்த்த வகுப்புகள் சிலவற்றில், கூடப் படிப்பவர்களே எதிரில் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். வர்ணம் பாடுகிறவர்கள் சரளி வரிசை தெரியாதவர்கள் போல நடித்தார்கள். தப்பாகப் பாடச் சொன்னால், அந்தத் தப்பைக்கூடச் சுருதி விலகாமல் பாடினார்கள்! இவர்களை வைத்துக்கொண்டு ஓர் இளம் ஆசிரியை எதைத் திருத்திப் பழகுவாள்?

அவள் வேலைக்குப் போகப்போகும் இடம் வேறு மாதிரி. 2012ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், தையல், உடற்கல்வியோடு இசையும் அதில் உண்டு. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். (சம்பளத்தைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.) அந்த அரைநாளில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பாட்டு வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் இல்லை. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அப்படிப்பட்ட குழந்தைகளும் மற்றவர்களோடு சேர்ந்தே படிக்க வழிசெய்யச் சொல்கிறது. அவர்களும் அந்த வகுப்பில்தான் இருப்பார்கள்.

எட்டாம் வகுப்புப் பையனிலிருந்து தொடங்குவோம். அவனிடம் குறைபாடு எதுவும் இல்லை, வயசுதான் பிரச்சினை. ஆசிரியை ஐந்து கட்டையில் பாடுகிறாள். போன வருஷம் வரை கூடவே பாடியவனுக்கு இப்போது மேல் ஷட்ஜம் எட்டவில்லை, கீழே இறங்கினாலும் குரல் நிற்கவில்லை. இரண்டு தடவை குரல் பிசிறியதும் பக்கத்துப் பெஞ்சு சிரிக்கிறது. அப்புறம் வாயை மட்டும் அசைப்பான், அடுத்த மாதம் அதுவும் நின்றுவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் குரல் ஒரு கட்டைக்கோ ஒன்றரைக்கோ வந்து நிலைபெறும் என்றும், அதுவரை குறைந்த ஸ்வரங்களுக்குள் பாட வைக்கலாம், தாளம் போட வைக்கலாம் என்றும் அவனிடம் சொல்ல ஆள் வேண்டும். பையன்கள் நிறைந்த வகுப்பில் நின்று பார்க்காத பெண்ணுக்கு இது தெரியவராது, ஏனென்றால் அவள் குரலுக்கு இப்படி நேர்ந்ததே இல்லை.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு இசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆதி தாளத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு அட்சரத்தில் மூன்றில்தான் சத்தம் வருகிறது. மீதி ஐந்தும் கண்ணுக்குத் தெரிகிற அசைவு. நிசப்தக் கிரியை என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறோம். காதை நம்பாமல் காலத்தை எண்ணும் வழி நம் சங்கீதத்தில் முதல் பாடத்திலேயே இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் தட்டும்போது கட்டையில் ஓடும் அதிர்வை உள்ளங்கையால் வாங்கிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் செவித்திறனை இழந்தவர். வெறுங்காலோடு மேடையேறி, அதிர்வைக் காலால் உணர்ந்தே வாசித்து, உலகமறிந்த தாளவாத்தியக் கலைஞரானார். நம் ஊரிலேயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகள் இப்போது பள்ளிக்கு வருகிறார்கள். அந்தக் கருவி லயத்தை நன்றாகக் கடத்தும், சுருதி வித்தியாசத்தை அவ்வளவு தெளிவாகக் கடத்தாது. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு முதல் பாடம் சரளி வரிசையா, சொல்கட்டா? தகதிமியும் தகிடவும் சொல்லித்தந்தால் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். இந்த முடிவை எடுக்கும் ஆசிரியைக்குப் புத்தகம் ஓரளவுக்குத்தான் துணை வரும்.

பார்வையில்லாத மாணவர்கள் நம் இசைக்குப் புதியவர்கள் இல்லை. கேட்டுப் பாடம் பண்ணும் மரபு அவர்களுக்குத் தோதானது. அதனாலேயே எழுத்துப் பாடம் அவர்களுக்கு வேண்டாம் என்று எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். லூயி பிரெயில் ஆர்கன் வாசித்தவர், 1829ல் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே சொற்களோடு இசையை எழுதும் முறையும் இருந்தது. நம் ஸ்வரங்கள் சாதாரண எழுத்துகள்தான், ஸ ரி க ம என்று பிரெயிலில் குத்திவிடலாம். சிக்கல் வருவது தாரஸ்தாயிக்கு மேலே வைக்கும் புள்ளியிலும், மந்திரஸ்தாயிக்குக் கீழே வைக்கும் புள்ளியிலும், இரண்டாம் காலத்துக்கு இழுக்கும் மேல்கோட்டிலும். புள்ளிகளாலேயே ஆன எழுத்தின் தலையில் இன்னொரு புள்ளியை எங்கே வைப்பது? பார்வையில்லாத மாணவியும் பயிற்சி ஆசிரியையும் சேர்ந்து உட்கார்ந்து தங்களுக்குள் ஒரு குறியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நாற்பது வருஷம் கச்சேரி செய்தவருக்கும் எழாத கேள்வி, பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் ஒரு வாரம் பாடம் நடத்தினால் எழுந்துவிடும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்லக் கூடாது என்பதே முதல் பாடம். ஒரு குழந்தை சுருதிப் பெட்டியின் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும். இன்னொன்று அந்தப் பெட்டியை விட்டு நகரவே நகராது. மூன்றாவது, முதல் நாள் கேட்ட கட்டையிலேயே பாட்டு வர வேண்டும் என்று அடம்பிடிக்கும், அரைக் கட்டை இறக்கினால் அதற்கு அது வேறு பாட்டு. அதைப் பிடிவாதம் என்று அதட்டுகிறவரும் உண்டு, “இது என்ன ஞானம்!” என்று வியக்கிறவரும் உண்டு. எந்த வகை ஆசிரியர் நமக்கு வேண்டும் என்பதைச் சான்றிதழ் கையில் வருமுன் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்பாடு பெரிதாக வேண்டாம். ஒன்றியம்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பயிற்சி மாணவரை அவர்களோடு இணைத்துவிட்டால், பாட்டு இவர் சொல்லித்தரலாம், பிள்ளையை எப்படி அணுகுவது என்று அவர் சொல்லித்தரலாம். சென்னை மாணவர்களுக்கு அடையாறு செயின்ட் லூயிஸ் நிறுவனம் பக்கம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. வெளியூரில் உங்கள் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதும் இருபத்தைந்து வயதும் அங்கே ஒரே சேர்க்கையில் வருகின்றன. நாதசுரமும் தவிலும் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விதி வைத்தவர்களுக்கு, வேறுவேறு விதமாகக் கற்கிறவர்களைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல?

பொதுப் பாடங்களுக்கான பி.எட். மாணவர் 2014 விதிகளின்படி 20 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும். பாட்டு வாத்தியாருக்கும் அந்தக் கணக்கில் பாதியாவது வேண்டும். மதிப்பெண்ணை அவர் பாடியதற்குப் போடாமல், அவர் எழுதி வைத்த குறிப்பேட்டுக்குப் போடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, என்ன மாற்றிப் பார்த்தார், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அதில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் போய்ப் பாடிவிட்டு, பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். மேளகர்த்தாச் சக்கரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் நேரத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம், அதற்காக எனக்கு வசவு வரும் என்றும் தெரியும்.

இந்த மடலின் நகல் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும் போகிறது. மூன்று அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டிவிடக் கூடாதே என்ற கவலைதான். செலவு என்று பார்த்தால் போக்குவரத்துதான் பெரிது. மாணவர்களுக்குப் பேருந்துச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது, வீட்டிலிருந்து கல்லூரி வரை. அதைப் பயிற்சிப் பள்ளி வரை நீட்டிக்க ஒரு கடிதம் போதும். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருமுன் அந்தக் கடிதம் போய்விட்டால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஆசிரியர்