இளைப்பது உடம்பா, மணிபர்சா?
எடை குறைப்பு வியாபாரத்தில் நடப்பது என்ன?

சென்னை,

"30 நாளில் 10 கிலோ குறைக்கலாம்! பட்டினி வேண்டாம்! உடற்பயிற்சி வேண்டாம்!"

நகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒரு நோட்டீஸ் கண்ணில் படுகிறது. ஆட்டோ முதுகில் இருக்கிறது. மின்கம்பத்தில் தொங்குகிறது. செல்போனைத் திறந்தால் அதிலும் வந்து நிற்கிறது.

போன் செய்தால் தேன் ஒழுகும் குரல். "சும்மா வந்து பாருங்க மேடம். செக்கப் ப்ரீதான்!"

போனால் மெஷினில் ஏற்றி நிறுத்துகிறார்கள். "உடம்பு பூரா கொழுப்பு மேடம். இப்பவே கவனிக்கலேன்னா பின்னாடி கஷ்டம்" என்று ஒரு மிரட்டல். அடுத்த நிமிடமே 'பாக்கேஜ்' அட்டை மேஜைக்கு வந்துவிடும். கையில் பணம் இல்லையா? தவணை இருக்கிறது!

தாலிச் சங்கிலியை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு. கட்டலாமா, கூடாதா?

கிராக்கி ஏன்?

2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 31 பேர்தான்.

ஐந்தே வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி எல்லாம் கூடவே வருகின்றன. ஆகவே எடையைக் குறைக்க நினைப்பது நியாயமான ஆசை. அந்த ஆசையில்தான் வியாபாரம் நடக்கிறது.

கணக்கு உதைக்கிறது!

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோ என்றால் 77,000. அதை 30 நாளில் முடிக்க, தினம் 2,500 கலோரிக்கு மேல் குறைக்க வேண்டும்.

வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். அதாவது, 30 நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 10 கிலோ கொழுப்பு கரையாது!

"அப்படியா? எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் வாரமே 2 கிலோ குறைஞ்சுதே!" என்று கேட்கலாம்.

குறைந்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது தண்ணீர். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால், உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் தீர்கிறது. அதோடு ஒட்டிய தண்ணீரும் வெளியேறுகிறது. பழையபடி சாப்பிட்டால் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடும்.

பெல்ட் கட்டி வியர்க்க வைப்பதும், நீராவிப் பெட்டியில் உட்கார வைப்பதும் இதே கதைதான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் போன எடை வந்து சேரும்.

பவுடர் செய்யும் வேலை

காலை டிபனுக்குப் பதில் ஒரு டம்ளர் பவுடர். விலையோ ஒரு டப்பா ஆயிரக்கணக்கில்!

எடை குறைகிறதே, எப்படி? நாலு இட்லி, வடை, சர்க்கரை போட்ட காபி நின்றுபோனது. அதனால்தான். பவுடரில் மாய மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு எழுந்தாலும் அதே பலன் கிடைக்கும். பவுடரை நிறுத்தி வடை திரும்பினால், எடையும் திரும்பும்.

ஆறு தோழிகள் கதை

அப்படியானால் காசு வாங்கும் திட்டம் எல்லாமே பித்தலாட்டமா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

உலகத்திலேயே பேர்போன எடை குறைப்புக் கம்பெனி அமெரிக்காவின் 'வெயிட் வாட்சர்ஸ்'. அது பிறந்த கதை சுவாரஸ்யமானது.

நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற குடும்பத் தலைவி. பிஸ்கட் தின்னும் பழக்கத்தை விட முடியாமல் தவித்தவர். நகர சுகாதார இலாகா நடத்திய இலவச கிளினிக்கில் அவருக்கு ஒரு சாப்பாட்டு அட்டவணை கொடுத்தார்கள். தனியாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. 1961ல் ஆறு தோழிகளைத் தன் வீட்டுக்கு அழைத்தார். வாராவாரம் கூடிப் பேசினார்கள். எடை குறைந்தது.

1963ல் அதுவே கம்பெனி ஆனது. அட்டவணையும் இலவசம், தோழிகளும் இலவசம். காசு பின்னால் வந்து சேர்ந்தது!

காசு கொடுத்தவர்களுக்குப் பலன் உண்டா? 2015ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வெறும் அறிவுரை பெற்றவர்களைவிட, இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஒரு வருஷத்தில் கூடுதலாகக் குறைத்தது, குறைந்தபட்சம் 2.6 சதவீதம். 80 கிலோ ஆசாமிக்கு 2 கிலோ. பலன் உண்டு, ஆனால் நோட்டீஸில் போடுகிற பலன் அல்ல.

எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்த பிறகு, 2025 மே மாதம் அந்தக் கம்பெனியே கடன் தாங்காமல் திவால் மனு போட்டது. பிறகு கடனைக் குறைத்துக்கொண்டு மீண்டது.

அந்த ஊசிகள் 2025ல் இந்தியாவுக்கும் வந்தன. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. நிறுத்தினால், குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உஷார்! உஷார்!

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்?

'சுத்த மூலிகை' என்று விற்ற காப்சூல்களில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்தது வெளிநாடுகளில் பலமுறை பிடிபட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக இந்தியாவில் 2011ல் தடை செய்யப்பட்ட மருந்து அது. பேர், ஊர் இல்லாத டப்பாவைத் தொடவே கூடாது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை வெட்டினால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு.

சட்டம் இருக்கிறது

உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு.

"குறையலேன்னா பணம் வாபஸ்" என்று வாயால் சொல்வதை நம்பக்கூடாது. எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு நாள் வராவிட்டாலும் வாபஸ் கிடையாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ரசீதைப் பத்திரப்படுத்தினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

டாக்டருக்குக் கொடுக்கலாம். தைராய்டு, சர்க்கரை பரிசோதனைக்குக் கொடுக்கலாம். படித்த உணவு நிபுணரிடம் ஒருமுறை அட்டவணை எழுதி வாங்கலாம். வாரம் அரை கிலோ குறைந்தால் போதும், அதுவே பத்திரமான வேகம் என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

மீதி வேலைக்குத் தெருவில் நாலு பேர் போதும். சாயங்காலம் சேர்ந்து நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மெஷினில் எடை பார்க்க வேண்டும். "ஏன்டி, பஜ்ஜி சாப்பிட்டியா?" என்று உரிமையோடு கேட்க வேண்டும்.

நியூயார்க்கில் அந்த ஆறு தோழிகள் செய்தது இவ்வளவுதான். அதற்கு அட்வான்சும் இல்லை, தவணையும் இல்லை!