கப்பல் கரையில் நிற்கும்போதே பிடிக்க வேண்டும்!

2025-ம் ஆண்டு மே 25-ந்தேதி கொச்சி அருகே கடலில் "எம்.எஸ்.சி. எல்சா-3" என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன கப்பல் அது.

24 சிப்பந்திகளும் உயிர் தப்பினார்கள். கப்பலில் இருந்த 640 கண்டெய்னர்களில் சில கரை ஒதுங்கின. அவற்றில் இருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை வந்து மணலோடு கலந்தது. அதைச் சலித்து எடுப்பது லேசான வேலையா?

கப்பலில் பறந்தது லைபீரியா கொடி. கப்பல் கம்பெனி இருப்பதோ ஐரோப்பாவில். கெட்டது நம் கரை!

கொடி எங்கோ, முதலாளி எங்கோ

செலவு குறைவு, கெடுபிடி குறைவு என்று பனாமா, லைபீரியா போன்ற நாடுகளில் கப்பலைப் பதிவு செய்வது முதலாளிகளின் வழக்கம். சட்டப்படி கப்பலைக் கண்காணிக்க வேண்டியது கொடி கொடுத்த நாடுதான். அது எங்கோ இருக்கிறது.

1978-ல் லைபீரியா கொடியுடன் வந்த "அமோகோ காடிஸ்" எண்ணெய்க் கப்பல் பிரான்ஸ் கரையில் மோதி உடைந்தது. 2 லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. ஐரோப்பிய நாடுகள் விழித்துக்கொண்டன. "எந்தக் கொடியோடு வந்தாலும் எங்கள் துறைமுகத்தில் ஏறிச் சோதிப்போம்" என்று 1982-ல் பாரீசில் ஒப்பந்தம் போட்டன.

இந்துமாக்கடல் நாடுகளும் இதேபோல ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1999 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. அதன் அலுவலகம் கோவாவில்.

என்ன பார்ப்பார்கள்?

சென்னையில் இந்த வேலை மெர்க்கன்டைல் மரைன் துறை சர்வேயர்கள் கையில். முதலில் சர்டிபிகேட்டுகளைப் பார்ப்பார்கள். பிறகு கப்பலைச் சுற்றி வருவார்கள். உயிர்காப்புப் படகு இறங்குகிறதா? தீயணைப்பு பம்ப் ஓடுகிறதா? சிப்பந்திகளுக்கு ஒரு நாளில் 10 மணி நேரமாவது ஓய்வு உண்டா? சந்தேகம் வந்தால் சோதனை தீவிரமாகும்.

எஞ்சின் அறையில் தேங்கும் கழிவு நீரைச் சுத்தம் செய்துதான் கடலில் விடலாம். பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக்கூடாது. இதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு. சிலர் தனியாகத் திருட்டுக் குழாய் போட்டு இரவோடு இரவாகக் கடலில் விட்டுவிட்டு, புத்தகத்தில் மட்டும் கணக்கைச் சரியாக எழுதி வைப்பார்கள்!

"கரீபியன் பிரின்சஸ்" உல்லாசக் கப்பலில் 2013-ல் இந்தத் தில்லுமுல்லு அம்பலமானது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் எஞ்சினியர்தான் போட்டுக் கொடுத்தார். 2016-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 4 கோடி டாலர்!

பிடிபட்டால்?

குறை பெரிது என்றால் கப்பல் நகர முடியாது. பழுது பார்த்த பிறகுதான் விடுதலை. மற்றத் துறைமுகங்களுக்கும் தகவல் போய்விடும். ஒரு நாள் நின்றாலும் முதலாளிக்கு நஷ்டம். அவர் பயப்படுவது இதற்குத்தான்.

அதிகாரிக்கும் நெருக்கடி உண்டு. கண்டெய்னர் கப்பல் பல சமயம் ஒரே நாளில் கிளம்பிவிடும். எல்லாக் கப்பலிலும் ஏறிப் பார்க்க முடியாது. காரணமில்லாமல் நிறுத்தினால் முதலாளி நஷ்டஈடு கேட்கலாம். ஆகவே வயதான கப்பல், முன்பு பிடிபட்ட கப்பல், பெயர் கெட்ட கொடி என்று பொறுக்கி எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

எல்சா மூழ்கிய பிறகு ரூ.9,531 கோடி நஷ்டஈடு கேட்டு கேரள அரசு ஐகோர்ட்டுக்குப் போனது. அந்தப் பணத்துக்கு உத்தரவாதமாக, "எம்.எஸ்.சி. அகிடேட்டா-2" என்ற வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்க 2025 ஜூலையில் கோர்ட்டு உத்தரவிட்டது. பணம் கேட்பதற்கே கரையில் ஒரு கப்பல் நிற்க வேண்டியிருக்கிறது!

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? சர்வேயர் ஏறுகிற அந்தச் சில மணி நேரம்தான் கரைக்குக் காவல். அந்த வேலைக்கு ஆள் போதாமல் போனால், அடுத்த குருணையையும் மீனவர்கள்தான் சலிக்க வேண்டும்.