தாலி ஏறினால் தலைவிதியா?

"கழுத்தில் தாலி ஏறிவிட்டது, இனி என்ன செய்ய?" என்று கண்ணீரை விழுங்கும் பெண்கள் ஆலைக் குடியிருப்பிலும் சேரியிலும் எத்தனை பேர்! சட்டம் அப்படிச் சொல்லவில்லை, தோழர்களே!

1955-ம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் கேட்பது என்ன? ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18. சம்மதம் தரத்தக்க தெளிந்த புத்தி. வழக்கம் அனுமதித்தாலன்றி, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு கூடாது. முந்திய மணம் நிலுவையில் இருக்கக்கூடாது. இதில் சாதி எங்கே? சீதனம் எங்கே? தேடிப் பாருங்கள், இல்லை! புரோகிதரும் கட்டாயமில்லை, 1967-ல் தமிழகம் செய்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது.

மிரட்டியோ மோசடி செய்தோ சம்மதம் வாங்கியிருந்தால் மணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். ஆனால் மிரட்டல் நீங்கிய அல்லது மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். அதன் பின்னும் மனமொப்பிக் கூடி வாழ்ந்தால் அந்த வழி அடைபடும். 18 வயதுக்குமுன் கட்டி வைக்கப்பட்ட பெண், 20 வயது முடியும்வரை மனுப் போட 2006-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முதல் மனைவி இருக்கக் கட்டிய இரண்டாம் தாலியோ அடியோடு செல்லாது, அது குற்றமும்கூட. பிறந்த குழந்தைகள் மட்டும் சட்டபூர்வமான பிள்ளைகளே.

வக்கீலுக்குப் பணம்? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது.

சட்டம் ஏட்டில் கிடந்தால் சாதிப் பஞ்சாயத்துதான் தீர்ப்புச் சொல்லும். கூலிக்காகக் கொடி பிடிக்கும் நம் சங்கம், அந்தப் பெண்ணோடு கோர்ட்டுப் படியும் ஏற வேண்டாமா?