ஐந்து சதவீதம் சட்டமாகட்டும்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஒன்பதாவது இனம் ஒரே வரிதான். உடல் இயலாதோருக்கும் வேலைக்கு ஆகாதோருக்கும் நிவாரணம் அளிப்பது மாநிலத்தின் பொறுப்பு என்கிறது அந்த வரி. இருவரையும் ஒரே மூச்சில் சேர்த்து எழுதி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்று தமிழக அரசு எழுதத் தொடங்கியும் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், உடலில் ஒரு குறை இருந்தால் வேலைக்கு ஆக மாட்டார், மாதாமாதம் ஏதாவது கொடுத்தால் போதும் என்ற அந்தப் பழைய எண்ணம்தான் தனியார் நிறுவனங்களின் வாசலில் இன்னும் காவல் நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழகத்தில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். நாடு முழுவதும் அவர்களில் வேலை செய்வோர் நூற்றுக்கு 36 பேர் என்றது அதே கணக்கெடுப்பு. பெண்களில் அது 23 மட்டுமே. 2018-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு இன்னும் கசப்பானது. 15 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் நான்கில் ஒருவர்கூட வேலையில் இல்லை. தமிழகத்தில் அவர்களுக்கான மாத ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் எந்த வீட்டிலும் ஒரு வருமானம் ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுப் பணியிடங்களில் 4 சதவீதத்தை ஒதுக்குகிறது. தனியார் துறை என்று வரும்போதுதான் அதன் குரல் இறங்கிவிடுகிறது. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை உறுதிசெய்ய, முதலாளிகளுக்கு அரசு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்கிறது 35-ஆவது பிரிவு. அதையும் தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டுத் தந்தால் போதுமாம். எந்த நிறுவனமும் ஒருவரைக்கூட எடுத்தே ஆக வேண்டும் என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

சலுகை காட்டி அழைப்பதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால், வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் நிறுவனம் கட்ட வேண்டிய பங்கை மூன்றாண்டுகளுக்கு அரசே கட்டும் என்று 2008-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு வேலை என்பது அதன் இலக்கு. அந்த இலக்கின் அருகில்கூடத் திட்டம் வரவில்லை. வந்திருந்தால், பத்தாண்டு கழித்து எடுத்த ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வேலையின்றி இருந்திருக்க மாட்டார்கள். பி.எஃப். பங்கு மிச்சமாகும் என்பதற்காக ஒரு மேலாளரின் தயக்கம் கரைந்துவிடாது.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்து தரும் வசதிகளை அதில் பட்டியலிட வேண்டும். அவர்களுக்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். இவை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் உள்ள கட்டளைகள். உங்கள் நிறுவனத்தில் அப்படியொரு கொள்கையை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? பார்த்திருக்காவிட்டால் காரணம் எளிது. முதல் முறை சட்டத்தை மீறினால் அதிகபட்ச அபராதம் 10,000 ரூபாய்.

அரசுத் துறை மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. இதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் கொடுத்த 3 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-இல்தான் முடிந்தது. தமிழகத்தில் உரிமையியல் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட, 70 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு வழக்கறிஞரை, 50 சதவீதத்துக்கு மேல் குறைபாடு இருக்கக் கூடாது என்ற வரம்பைக் காட்டி விலக்கினார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வரம்பை ஏற்றது. இரண்டே ஆண்டில் வேறொரு வழக்கில், தேவையான வசதி செய்து தரும் கடமையைக் கணக்கில் கொள்ளாத அந்தத் தீர்ப்பு வழிகாட்டியாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச் 3 அன்று, பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்த அமர்வில் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர்.மகாதேவனும் இருந்தார். மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு அது.

நீதிமன்றம் இத்தனை சொன்ன பிறகும், பார்வையற்ற பட்டதாரிகள் தங்களுக்குச் சட்டம் ஒதுக்கிய ஒரு சதவீதத்தைக் கேட்டு வெண்கோலோடு சென்னைச் சாலைகளில் மறியலுக்கு உட்காருகிறார்கள். பி.எட். முடித்தவர்களைக் காவல் வேனில் ஏற்றி இறக்கிவிடுவது ஒரு நிர்வாகத்துக்கு அழகில்லை. நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி, அலுவலக வேலைகள் ஒப்பந்தத்துக்கும் வெளிமுகமைக்கும் கைமாறுவதால் அந்த 4 சதவீதமும் ஓசையில்லாமல் தேய்கிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் வேலை உத்தரவோடு விஷயம் முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் பெரிய பிழை. பலரை வெளியேற்றுவது நேர்காணல் அறை இல்லை. சேர்ந்த பிறகு வரும் முதல் மூன்று மாதங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணுக்குக் கழிப்பறைக் கதவு குறுகலாக இருந்தால், அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார். எத்தனை நாளைக்கு? காலிப்பர் அணிந்தவருக்குக் கம்பெனி பஸ்ஸின் முதல் படி எட்டாது. காது கேளாதவர் இருக்கும் கூட்டத்தில் எல்லாரும் கணினியைப் பார்த்தபடியே பேசுவார்கள். என்ன முடிவானது என்பதை மறுநாள் யாராவது துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினால் உண்டு. தீ விபத்துச் சங்கு ஊதும்; கூடவே ஒரு விளக்கு மின்னினால் அவரும் ஓடி வெளியேறலாம் என்று எவருக்கும் தோன்றாது. பார்வையற்றவர் கணினியில் வேலை செய்ய உதவும் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அலுவலகச் சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் வாசிப்பான் அதை நேரடியாகப் படித்துவிடாது. தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்புவதற்கு ஒரு பைசா செலவில்லை. அனுப்பச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கொத்தனாரின் இரண்டு நாள் கூலியும் கொஞ்சம் அக்கறையும் போதும். பெரிய செலவு உள்ளவை சில உண்டு. சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் தர வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இளைஞர் புதிய வேலையில் கால் ஊன்ற, முதல் சில வாரங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் பயிற்றுநர் வேண்டும். பிறகு அவர் மெல்ல விலகிக்கொள்ளலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போக அனுமதியும், காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் உரிமையும் தேவைப்படலாம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளோருக்கு அரசுப் பணியில் ஒரு சதவீதம் என்று முதன்முறையாகச் சொன்னது 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான். இந்த உதவி இல்லாமல் அந்த ஒரு சதவீதம் காகிதத்தை விட்டு எழுந்து வராது.

இதைவிட வேதனையான ஓர் ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு உடற்குறை ஏற்பட்டால் அவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் அது அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. விபத்தில் காலை இழந்த அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு மாற்று வேலை உரிமையாகக் கிடைக்கும். உதிரிபாகத் தொழிற்சாலையின் பவர் பிரஸ்ஸில் மூன்று விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கும். வேலை நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. வாகனத் தொழிலைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இந்த வேறுபாட்டைச் சகித்துக்கொள்ளக் கூடாது. இயந்திரம் எடுத்துக்கொண்ட விரலுக்கு அந்த ஆலையே பொறுப்பு. அந்த ஆலைக்குள்ளேயே, தரப் பரிசோதனையிலோ கிடங்கிலோ, அவருக்கு ஓர் இடம் இருந்தாக வேண்டும்.

தகுதியானவர்கள் கிடைப்பதில்லை என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஏராளம். ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. சைகை மொழியில் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவரை, மொழிபெயர்ப்பாளர் இல்லாத நேர்காணல் அறையில் உட்காரவைத்துவிட்டு, தகுதி போதவில்லை என்று எழுதுவது எந்த நியாயம்? மதுரையின் பூரண சுந்தரி பார்வையின்றியே குடிமைப் பணித் தேர்வில் தேறினார். சென்னையின் பெனோ செபைன் 2015-இல் வெளியுறவுப் பணிக்குப் போனார். இவர்களை மேடையில் பாராட்டும் தொழில் நிறுவனங்கள், இவர்களைப் போல விண்ணப்பிக்கும் மற்றவர்களின் கடிதங்களையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

முடியாது என்போருக்கு ஓசூரைக் காட்டலாம். அங்குள்ள டைட்டன் கடிகார ஆலை 1980-களில் தொடங்கியபோதே மாற்றுத்திறனாளிகளை உற்பத்திப் பிரிவில் சேர்த்தது. பிறகு அந்த நிறுவனம் சந்தையில் எந்த இடத்துக்கு வந்தது என்பதை எல்லாரும் அறிவோம். டாடா குழுமத்தோடு சேர்ந்து அதைத் தொடங்கியது தமிழக அரசின் டிட்கோ. அரசு தானே பங்குதாரராக இருக்கும் ஆலையில் நாற்பது ஆண்டுகளாக நடப்பதை, அரசு நிலம் கொடுத்த மற்ற ஆலைகளிடம் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் 5 சதவீத இடத்தைக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குத் தர வேண்டும்; தராவிட்டால் ஒவ்வோர் இடத்துக்கும் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பணம் அரசுக் கருவூலத்தில் கரைவதில்லை. பணியிடத்தில் சாய்தளம் கட்டவும், கருவிகள் வாங்கவும், உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் போகிறது. ஜப்பானில் 2024 ஏப்ரலில் தனியார் ஒதுக்கீடு 2.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது; 100 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் குறையும் ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 யென் செலுத்துகிறது. இந்த இரண்டு நாடுகளின் தொழில்களும் இதனால் நொடித்துப் போகவில்லை. அங்கிருந்து வந்து இங்கே ஆலை நடத்தும் நிறுவனங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதும் இல்லை.

தமிழகம் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேலைவாய்ப்பு என்பது பொதுப் பட்டியலின் 23-ஆவது இனத்தில் இருக்கிறது. மாநிலமும் சட்டம் இயற்றலாம். உள்ளூர்வாசிகளுக்கு 75 சதவீதம் ஒதுக்கிய ஹரியாணா சட்டத்தை 2023-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததைச் சிலர் நினைவூட்டுவார்கள். அது வசிக்கும் மாநிலத்தைப் பார்த்துக் குடிமக்களைப் பிரித்த சட்டம். இங்கே கேட்பது, நாடாளுமன்றமே 5 சதவீதம் என்று எழுதிவைத்த ஓர் இலக்குக்குப் பல் பொருத்துவது. சட்டம் வரும் வரையிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சிப்காட் நிலம், மின்வரி விலக்கு, முதலீட்டு மானியம் ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களில் இந்த 5 சதவீதத்தை ஒரு நிபந்தனையாக நாளையே சேர்க்கலாம். முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் தம்மிடமுள்ள மாற்றுத்திறனாளிப் பணியாளர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி ஏற்கெனவே கேட்கிறது. ஆகவே கணக்கெடுக்க முடியாது என்ற சாக்கும் செல்லாது.

சிறு தொழில்களை நசுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 100 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம்; படிப்படியாக ஐந்து ஆண்டுகளில் 5 சதவீதத்தை எட்டச் சொல்லலாம். எடுக்காதவர்கள் கட்டும் தீர்வை ஒரு தனி நிதியில் சேர வேண்டும். கழிப்பறைக் கதவை அகலப்படுத்தும் சிறு தொழிலதிபருக்கும், சைகை மொழிபெயர்ப்பாளருக்கும், வேலைப் பயிற்றுநருக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போக வேண்டும். தனியார் ஆலையில் விபத்தில் குறைபாடு அடைந்தவருக்கும் 20-ஆவது பிரிவின் பாதுகாப்பை அதே சட்டம் நீட்டிக்க வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் தமிழகப் பேரவையில் சட்டமுன்வடிவு கொண்டுவரப்பட்டது. மன்றத்தில் இடம் கொடுக்க முடிந்த அரசால் ஆலையிலும் இடம் வாங்கித் தர முடியும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதற்கான சட்டமுன்வடிவைத் தமிழக அரசு தாக்கல் செய்ய வேண்டும்.