விலைபோகும் இடங்களும் தகுதிப் பேச்சும்

“மார்க் குறைந்தவன் கையில் உங்கள் உயிரை ஒப்படைப்பீர்களா?” மருத்துவக் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு இடம் கிடைக்காத பெற்றோர் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் கேட்கிறார்கள், சில மருத்துவர்களே கேட்கிறார்கள். அவர்களில் பலர் வன்மத்தால் கேட்பதில்லை. நுழைவுத் தேர்வில் யார் முன்னால் நிற்கிறாரோ அவரே நல்ல மருத்துவராவார், இட ஒதுக்கீடு அந்த வரிசையைக் கலைக்கிறது, அதனால் நோயாளிக்கு ஆபத்து என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரியின் வாசலிலேயே நிறுத்திவைக்க எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே காரணமாகச் சொல்லப்பட்டுவருகிறது.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. கல்லூரிக்குள் நுழையும்போது வாங்கிய மதிப்பெண்ணுக்காக எவருக்கும் மருத்துவப் பட்டம் தருவதில்லை. நாலரை ஆண்டுகள் படிக்க வேண்டும். உடற்கூறியலில் தொடங்கி அறுவை மருத்துவம், மகப்பேறு வரைக்கும் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தேற வேண்டும். பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவராக வார்டில் இரவும் பகலும் நிற்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் ஓசிக்கு ஒரு வினாத்தாள், எஸ்சிக்கு இன்னொரு வினாத்தாள் கிடையாது. தேர்ச்சி மதிப்பெண்ணில் சாதிவாரிச் சலுகை ஏதும் இல்லை. இட ஒதுக்கீடு படிப்பதற்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது. பட்டத்தை எல்லோரும் ஒரே தேர்வெழுதித்தான் வாங்குகிறார்கள். நீட் வருவதற்கு முன் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடந்தபோது ஓசிக்கும் பிசிக்கும் இடையிலான கட்-ஆஃப் வேறுபாடு பல ஆண்டுகளில் 200க்கு ஒரு மதிப்பெண் அளவில்தான் இருந்தது. அந்த ஒரு மதிப்பெண்ணிலா நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது?

இட ஒதுக்கீடு மருத்துவத்தின் தரத்தைக் கெடுக்கும் என்றால் இந்தியாவிலேயே மிக மோசமான மருத்துவ நிலைமை தமிழ்நாட்டில்தான் இருந்திருக்க வேண்டும். 69 சதவீத ஒதுக்கீடு இங்கே 1990 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு தலைமுறை மருத்துவர்கள் அதன் வழியாக வந்து அரசு மருத்துவமனைகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். விளைவு என்ன? 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பேறுகால மரணம் இந்திய அளவில் 97. உத்தரப் பிரதேசத்தில் 167. தமிழ்நாட்டில் 54. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு நாடு முழுவதும் 28 என்றால் 2020இல் இங்கே 13. ஒதுக்கீடு ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்லவரவில்லை. மருந்துக் கொள்முதல், கிராமச் செவிலியர்கள், சாலைகள், சத்துணவு, பெண் கல்வி என்று எத்தனையோ சேர்ந்து உருவான நிலை இது. ஆனால் ஒதுக்கீட்டில் வந்த மருத்துவர்களால் நோயாளிகள் சாவார்கள் என்ற வாதத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை.

தகுதி பேசுகிறவர்கள் பார்க்க மறுக்கும் இன்னொரு கணக்கு உண்டு. நீட் தேர்வில் பொதுப் பிரிவினருக்குத் தகுதி என்பது 50ஆவது சதமானம். அதாவது தேர்வெழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருந்தால் போதும். 2023இல் அந்தக் கோடு 720க்கு 137 மதிப்பெண்ணில் விழுந்தது. நூற்றுக்கு இருபதுகூட இல்லை. அந்த 137 எடுத்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க வழியில்லை. அதே 137 எடுத்த பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருக்கிறது. ஆண்டுக்கு இருபது லட்சம் ரூபாய்க்கும் மேல் கட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான். அவரைவிட முந்நூறு மதிப்பெண் கூடுதலாக எடுத்தவர்கள் பணமில்லாமல் அந்த இடத்தைக் கைவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்த்து “மார்க் குறைந்தவன் கையில் உயிரை ஒப்படைப்பீர்களா” என்று எவரும் வாட்ஸ்அப்பில் கேட்டு நான் பார்த்ததில்லை. பட்டியல் சாதி மாணவர் சில மதிப்பெண் குறைவாக எடுத்து உள்ளே வந்தால் தகுதி செத்துவிடுகிறது. பணம் கட்டுகிறவர் நூற்றுக்கணக்கில் குறைவாக எடுத்து உள்ளே வந்தால் அது தனியார் கல்லூரியின் உரிமையாகிவிடுகிறது. எனவே இவர்களுடைய கோபம் மதிப்பெண்ணின் மேல் அல்ல என்றுதான் நான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

முதுநிலைப் படிப்பில் இன்னும் அப்பட்டமாக நடந்தது. 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தேர்வின் தகுதிச் சதமானத்தை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியமாக்கினார்கள். தேர்வறைக்குப் போய் உட்கார்ந்து எழுதிய எவரும் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம் என்பது இதன் பொருள். காலியாகக் கிடந்த இடங்களை நிரப்ப அப்படிச் செய்தார்கள். இடங்கள் காலியாகக் கிடக்கும்போது தகுதிக் கோட்டைத் தரைமட்டமாக்கலாம் என்றால், மாநில அரசு தன் மக்களுக்கு ஏற்ற சேர்க்கை முறையை வகுக்கக் கேட்கும்போது மட்டும் அந்தக் கோடு ஏன் புனிதமாகிறது?

நீட் என்ன செய்தது என்பதை ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையிலான குழு 2021 ஜூலையில் அளித்த அறிக்கையில் காணலாம். எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது ரிப்பீட்டர்களைப் பற்றிய எண். 2016-17இல் சேர்ந்தவர்களில் 12.47 சதவீதம் பேரே முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள். 2020-21இல் அவர்கள் 71.42 சதவீதம். பிளஸ் டூ முடித்த ஆண்டிலேயே சேர முடிகிறவர்கள் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை என்றாகிவிட்டது. மற்றவர்கள் ஓராண்டு, ஈராண்டு வீட்டில் இருந்து, லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, கோச்சிங் சென்டர் விடுதியில் தங்கி வருகிறவர்கள். ஓராண்டுக் காத்திருப்பு என்பது நடுத்தர வீட்டில் ஒரு செலவு. கூலி வேலை செய்யும் வீட்டில் அது நடக்காத காரியம். பிளஸ் டூ முடித்த பெண்ணை ஓராண்டு சும்மா வைத்திருப்பதா என்று கேட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பங்கு அதே காலத்தில் 24.94 சதவீதத்திலிருந்து 14.46 சதவீதமாகச் சரிந்தது. தமிழ் வழியில் படித்துவந்தவர்கள் ஏறக்குறைய காணாமல் போனார்கள். இந்த மாணவர்களின் அறிவு நாலே ஆண்டுகளில் மங்கிவிட்டதா? தேர்வு மாறியது, அதற்குத் தயாராக ஆகும் செலவு ஏறியது, அவர்கள் வெளியே போனார்கள்.

நீட்டை எதிர்க்கும் நம் தரப்பிலும் ஒரு சோம்பலான நம்பிக்கை இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீட்டை எடுத்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தாமாகவே டாக்டராகிவிடுவார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். 1984இல் வந்த மாநில நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத் திரும்பிய 2007க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஈராண்டுகள் மனப்பாடம் செய்யவைத்து இடங்களை அள்ளின. அப்போதும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் மிகச் சொற்பம். கிராமத்துப் பிள்ளைகளும் தமிழ் வழி மாணவர்களும் இப்போதைவிட அதிகமாக வந்தார்கள் என்பது உண்மை. அரசுப் பள்ளிக் கதவு மட்டும் அப்போதும் சாத்தியே கிடந்தது.

அதை அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு திறந்தது. பிளஸ் டூ படிப்பவர்களில் ஐந்தில் இருவர் அளவுக்கு அரசுப் பள்ளியில் இருக்க, நீட் வந்தபின் அவர்களில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. சட்டம் வந்த முதலாண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டிலும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கெனக் கிடைத்தன. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் தள்ளிப்போக, அரசு தன் அதிகாரத்தில் ஆணை பிறப்பித்த மறுநாள்தான் அந்த ஒப்புதலும் வந்தது. அந்த மாணவர்களும் நீட் எழுதித் தேறியவர்களே. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது.

யார் மருத்துவராக வேண்டும் என்ற கேள்வி எந்த நோயாளிக்கு மருத்துவம் கிடைக்கும் என்ற கேள்வியும்கூட. இதற்குச் சென்னையிலேயே பழைய சான்று இருக்கிறது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கு மருத்துவம் வருமா, உடற்கூறு அறையில் ஆண்களோடு நிற்கலாமா என்று அன்றைக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுக்கும், காட்ட அனுமதிக்கப்படாத பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஷார்லீப் படிக்க முன்வந்தார். லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பியபின், 1885இல் கோஷா எனப்படும் திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கான மருத்துவமனை உருவாவதற்குக் காரணமாக இருந்தார். அதுதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அந்தப் பெண்களைக் கல்லூரிக்குள் விடாமல் இருந்திருந்தால் ஆண்களின் தேர்ச்சிப் பட்டியல் எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும் அந்த நோயாளிகளுக்கு மருத்துவம் எட்டியிருக்காது. மலைக் கிராமத்திலிருந்து வரும் பழங்குடிப் பெண்ணும் துப்புரவுப் பணியாளரின் மகனும் மருத்துவராகும்போது அதே காரியம் நடக்கிறது. நோயாளி வாய்திறந்து பேசுகிறார். எந்த வைத்தியம் அவருடைய வீட்டில் நடக்கும், எது நடக்காது என்பது அந்த மருத்துவருக்குச் சொல்லாமலே தெரிகிறது.

மருத்துவம் எட்டாத இடத்துக்கு மருத்துவரைக் கொண்டுசேர்ப்பதைத் தமிழ்நாடு கொள்கையாகவே வைத்திருந்தது. மாநில முதுநிலை இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலைபார்த்தால் மகப்பேறோ மயக்கவியலோ படிக்கலாம், படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்பலாம். தாலுகா மருத்துவமனை வரைக்கும் சிறப்பு மருத்துவர்கள் போய்ச் சேர்ந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். 2017இல் மருத்துவக் கவுன்சிலின் விதியைக் காட்டி அதை முடக்கினார்கள். தகுதிதான் அளவுகோல், சேவை அல்ல என்றார்கள். மருத்துவர்கள் வழக்கு நடத்த, 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த ஒதுக்கீட்டைத் தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சண்டை புதிதல்ல. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானது மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகத்தான். தமிழகம் கொதித்தெழ, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 2022 ஜனவரியில் அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசியினருக்கு 27 சதவீதம் தந்ததை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், போட்டித் தேர்வின் மதிப்பெண் ஒருவரின் பின்புலம் தந்த சாதகங்களைக் காட்டுவதில்லை, அதை மட்டும் வைத்துத் தகுதியை வரையறுக்க முடியாது என்று விளக்கியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டதைக் கேட்காதவர்கள்போல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் அந்தத் தேர்வாவது நம்பத்தக்கதா? 2024இல் ஏறத்தாழ 23 லட்சம் பேர் எழுதிய நீட் தேர்வில் முதலில் 67 பேருக்கு 720க்கு 720 என்று முடிவு வந்தது. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது உண்மை என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மறுதேர்வு மட்டும் தேவையில்லை என்றது. முன்னதாக 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததற்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லியும் அது உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. கேள்வியையே தவறாகக் கேட்டுவிட்டு அதற்கான விடையை வைத்துத் தமிழ் வழி மாணவரின் தகுதியை அளந்த தேர்வு இது.

சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். அந்தப் போராட்டம் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் தொடரட்டும். ஆனால் மாநில அரசின் கையிலேயே இருக்கும் ஒரு காரியத்துக்கு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிபதி கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைத்தது 10 சதவீதம், அரசு கொடுத்தது 7.5. மீதி இரண்டரையையும் அடுத்த கலந்தாய்வுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.