நடப்போர்க்கு நிழல்

நகரத்திற்கு அணியாவன எவை என வினவின், அகன்ற சாலைகளையும் உயர்ந்த மாளிகைகளையும் சுட்டுவார் பலர். பூங்காக்களைச் சுட்டுவார் சிலர். காலால் நடந்து செல்வோரை நினைப்பார் மிகச் சிலரே. பள்ளிச் சிறாரும், கூடை சுமந்து செல்லும் மாதரும், நாட்கூலிக்குச் செல்வோரும் வெயிலில் நடக்கின்றனர். பூங்காவினுள் எத்துணை நிழல் இருப்பினும், வழியில் அஃது இல்லையாயின் இவர்க்குப் பயன் யாது?

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். அசோக மன்னர் தாம் வழிகளில் ஆலமரம் வைப்பித்ததையும் கிணறு தோண்டுவித்ததையும் தூண் சாசனத்திற் பொறித்தார். இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாலைகள் பாண்டிநாட்டில் இன்றும் உள. பழைய பெருவழிகளில் மரமும் சத்திரமும் சுமைதாங்கிக் கல்லும் இடையிடையே அமைந்திருந்தன. நடப்போரது களைப்பே அவ்வழிகளுக்கு அளவுகோலாயிருந்தது.

இன்றைய சென்னை மாநகரை நோக்குவோம். அங்குப் பூங்காக்கள் பல உள; ஆயினும் அவை கடலிடைத் தீவுகள்போல் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடக்கின்றன. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயல் இருந்த சாலை மரங்களிலும் ஆயிரக்கணக்கானவற்றை வீழ்த்தியது. 2014-ல் மாநகராட்சி நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் முதன்மை தரும் கொள்கையொன்றை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கனவே. எனினும், ஒரு தெருவில் இனிது நடந்தவர் அடுத்த தெருவில் வண்டிகளுக்கிடையே இறங்கி நடக்க நேரின், முன்னது தந்த நலம் அங்கேயே தொலைந்துபோகின்றது. நிழலின் பயன் அதன் தொடர்ச்சியில் உள்ளது.

இத்தொடர்ச்சியைத் திட்டமிட்டு ஆக்கிய நகரம், தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூர். இடம் மிகக் குறுகிய அத்தீவில், வடிகால்களின் ஓரத்தும் சாலைகளின் ஓரத்தும் ஒதுக்கி வைத்திருந்த நிலக்கீற்றுகளையே பெரிதும் பயன்படுத்தினர். 1992-ல் கல்லாங் ஆற்றோரத்தில் தொடங்கிய பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டரைக் கடந்துள்ளன. 2011-ல் தஞ்சோங் பகார் நிலையத்திற்கு ரயில் ஓடுவது நின்றபின், 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தையும் தொடர்ச்சி கெடாமல் பசுமைவழியாகப் பேணி வருகின்றனர்.

சென்னைக்கும் இத்தகைய கோடுகள் உள. பக்கிங்காம் கால்வாய் வடக்கினின்று தெற்கே செல்கின்றது. கூவமும் அடையாறும் கிழக்கு நோக்கி ஓடிக் கடலை அடைகின்றன. இக்கரைகளிற் பசுமைவழி அமைக்கலாமே என்பர் சிலர். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல, பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டுள்ளன. நடந்தே பிழைப்பு நடத்தியவரை அகற்றிவிட்டு, அவரிருந்த இடத்தில் மாலை உலாவிற்கு மரம் வைப்பது அறமாகுமோ? ஆகாது.

ஆதலின், மக்கள் இப்போதே நடக்கும் தெருக்களினின்று தொடங்குதலே முறை. குடியிருப்பு, பள்ளி, சந்தை, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் ஆகியவற்றை இணைக்கும் வழிகளை முதலில் வரைபடத்திற் குறித்து, அவற்றின் இருமருங்கும் மரங்களை வரிசையாக வளர்த்தல் வேண்டும். வண்டிகள் நிறுத்தும் இடத்திற் சிறிது குறைத்தால் இதற்கு நிலம் கிடைக்கும். தெருவோர வணிகர்க்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை அளித்துள்ளது. அந்நிழலில் அவர்க்கும் இடம் வகுத்தல் கடன். கரைகளைப் பின்னரே, அங்கு வாழ்வோரை உடன்வைத்தே இவ்வழிகளோடு இணைத்தல் தகும். சாலை ஓர் அலுவலகத்திடமும் ஆற்றங்கரை வேறோர் அலுவலகத்திடமும் இருப்பினும், வரைபடம் ஒன்றாக இருத்தல் இன்றியமையாதது.

நட்டால் மட்டும் போதாது. யோனாவிற்கு நிழல் தந்த ஆமணக்கு ஓரிரவில் முளைத்து மறுநாள் வாடியது. விழாவன்று நடப்பெற்று, வேரடியிற் சிமெண்டு பூசப்பெற்று மடியும் கன்றுகளும் அத்தகையனவே. வேம்பு, புங்கு, பூவரசு, மகிழ் போன்ற நம் நாட்டு மரங்களை நட்டு, வேருக்கு மண்ணும் நீரும் விட்டு, கிளைகள் ஒன்றையொன்று தொடுங்காறும் காத்தல் வேண்டும்.

மாணவராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் கல்லூரி வாயிலினின்று அண்மையிலுள்ள பேருந்து நிறுத்தம்வரை நண்பகலில் நடந்து, நிழல் எங்கெங்கு அறுகின்றது என்பதைத் தாளிற் குறித்து, வட்டார உறுப்பினரிடம் கொடுப்போமாக. திட்டம் வகுப்போர்க்கு அத்தாளே முதல் வரைபடம் ஆகலாம்.