பச்சையா, நீலமா?



உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இருப்பது ஐபோனா, ஆண்ட்ராய்டு போனா? பதில் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்ததா? "ஐபோன்தான் பெஸ்ட்!" என்றோ, "ஆண்ட்ராய்டுலதான் எல்லாமே செய்யலாம்!" என்றோ சொல்லத் தோன்றியதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஆறு வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தேன். பள்ளி, கல்லூரி எல்லாம் இங்கேதான். மென்பொருள் எழுதுவது என் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் உதவி செய்கிறேன். வீட்டில் நான் ஐபோன் கட்சி. சாப்பிடும்போது ஆண்ட்ராய்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதெல்லாம் ஒரு போனா?" என்று கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

சென்ற பொங்கல் விழாவுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் என் வாயை அடைத்தது.

விழாவில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். என் மகளும் அதில் நடித்தாள். ஒத்திகை பற்றிப் பேச, பிள்ளைகள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை ஒத்திகை நேரம் 3 மணியிலிருந்து 1 மணிக்கு மாறியது. "பிள்ளைகளே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க" என்று பெரியவர்கள் நாங்கள் விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. எல்லோரும் 1 மணிக்கு வந்தார்கள், ஒரு பையனைத் தவிர.

அவன் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சரியாக 3 மணிக்கு வந்தான். தலையில் முண்டாசு. கையில் அட்டையால் செய்த ஒரு கரும்பு. நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், எல்லாரும் எங்க?" என்று கேட்டான்.

ஒத்திகை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும்போது காரில் மகளிடம் கேட்டேன்.

"அவன் ஏன் உங்க குரூப்ல இல்ல?"

"அவன்கிட்ட ஆண்ட்ராய்டுப்பா. அவனைச் சேர்த்தா குரூப்பே பச்சையாயிடும்."

"ஆனா என்ன?"

"நீங்கதானேப்பா சொல்வீங்க, அதெல்லாம் ஒரு போனான்னு!"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று பார்ப்போம். 2011-இல் ஆப்பிள் நிறுவனம் 'ஐமெசேஜ்' என்ற சேவையைத் தொடங்கியது. ஒரு ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு அதில் செய்தி அனுப்பினால் நீல நிறத்தில் தெரியும். ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பினால், அது எஸ்.எம்.எஸ். என்ற பழைய வழியில் போகும். அப்போது நிறம் பச்சை. பழைய வழியில் சில குறைகள் உண்டு. ஒரு எஸ்.எம்.எஸ்-இல் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள்வரை எழுதலாம். தமிழில் எழுதினால் 70 குறிகள்தான் போகும்! படமும் வீடியோவும் மங்கலாகிவிடும். எனவே, "பச்சை வேண்டாம்" என்று சொல்ல அன்று ஒரு சின்னக் காரணமாவது இருந்தது.

இன்று அந்தக் காரணமும் பெரும்பாலும் போய்விட்டது. 2024 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 18-இல், ஆர்.சி.எஸ். என்ற புதிய முறையை ஆப்பிள் சேர்த்தது. இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் படம் தெளிவாகவே போகும். ஆனால் பச்சை நிறம் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. அதாவது, எங்கள் பிள்ளைகள் வெறும் நிறத்துக்காக ஒரு பையனை வெளியே நிறுத்தினார்கள்.

இது எங்கள் பள்ளியில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை, பல மாநிலங்களுடன் சேர்ந்து, ஆப்பிள் மீது ஒரு பெரிய வழக்குப் போட்டது. அது போடப்பட்டது எங்கள் நியூ ஜெர்சியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில்தான். பச்சை நிறத்தால் சிலர், முக்கியமாகப் பதின்ம வயதினர், ஒதுக்கப்படுகிறார்கள் என்பதும் அந்த வழக்கில் இருக்கிறது. ஆப்பிள் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. யார் சொல்வது சரி என்று நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால், ஒரு நண்பனைக் குரூப்பில் சேர்க்க நமக்கு ஒரு நீதிபதி வேண்டுமா?

இப்படி ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு சண்டை போடுவது நம்மவர்களுக்குப் புதிது இல்லை. என் அப்பா ரஜினி ரசிகர். சித்தப்பா கமல் ரசிகர். சின்ன வயதில் யார் பெரிய நடிகர் என்று சண்டை போட்டு, இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்களாம். ஆனால் ரஜினியும் கமலும்? 1975-இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்திலேயே சேர்ந்து நடித்தவர்கள். பல வருட நண்பர்கள். "அவங்க சந்தோஷமாத்தான் இருந்தாங்க. நாங்கதான் முட்டாள் மாதிரி அடிச்சுக்கிட்டோம்" என்று அப்பா இப்போது சிரிக்கிறார்.

போன் நிறுவனங்களும் அப்படித்தான். ஐபோன் செய்யும் ஆப்பிள் இருப்பது கலிபோர்னியாவில் குபர்டினோ என்ற ஊரில். ஆண்ட்ராய்டைத் தரும் கூகுள் இருப்பது மவுண்டன் வியூவில். இரண்டுக்கும் நடுவே சுமார் 10 மைல்தான். ஐபோனில் நீங்கள் எதையாவது தேடினால், வழக்கமாகக் கூகுள்தானே தேடித் தருகிறது? அந்த இடத்துக்காகக் கூகுள் 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. ஆண்ட்ராய்டு போன் விற்கும் சாம்சங் குழுமம்தான் பல ஐபோன்களுக்குத் திரையும் செய்து தருகிறது. அவர்கள் போட்டி போடுகிறார்கள், வியாபாரமும் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்காக நாம் ஏன் நண்பர்களை இழக்க வேண்டும்?

"நான் தமிழன், அதனால தமிழ்ப் பக்கம்தான் நிற்பேன்" என்கிறீர்களா? அதுவும் நடக்காது! கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தலைவர் ஆவதற்கு முன் ஆண்ட்ராய்டுப் பிரிவைக் கவனித்தவர். ஐபோன்களோ சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகின்றன. இப்போது எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

என் கருத்து இதுதான்: போனைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் போன் நிறுவனத்துக்கு ரசிகர் ஆகாதீர்கள். போனை வைத்து நண்பர்களைத் தேர்ந்தெடுக்கவே செய்யாதீர்கள்.

தேர்ந்தெடுப்பதில் தவறு இல்லை. உங்களுக்கு ஐபோன் பிடிக்கலாம், ஆண்ட்ராய்டு பிடிக்கலாம். ஆனால் "எல்லாரும் வெச்சிருக்காங்க" என்பது ஒரு காரணம் ஆகாது. வேறு நல்ல கேள்விகளைக் கேளுங்கள். விலை என்ன? அந்தப் பணம் அப்பா அம்மாவுக்குக் கஷ்டம் தருமா? கீழே விழுந்து உடைந்தால் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? எத்தனை வருடம் அப்டேட் வரும்? முன்பு பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு, மூன்று வருடம்தான் அப்டேட் வந்தது. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு 7 வருடம் தருவதாகக் கூகுள் சொன்னது. இப்படி ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவருக்கு அது தெரியாது.

அலுவலகத்தில் நான் ஒரே ஆப்பை இரண்டு வகைப் போனுக்கும் எழுதுகிறேன். எழுதும் மொழி வேறு, வேலை ஒன்றுதான். இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். கணினிக்கும் போனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அந்த முறையின் பெயர் யூனிகோட். அதில் நம் 'அ' எழுத்தின் எண் 2949. ஐபோனிலும் 2949, ஆண்ட்ராய்டிலும் 2949. ஊரிலிருந்து பாட்டி தன் ஆண்ட்ராய்டு போனில் "அன்புள்ள கண்ணு" என்று எழுதினால், உங்கள் ஐபோனில் அது "அன்புள்ள கண்ணு" என்றுதான் வரும். அன்பு எந்த நிறத்தில் வந்தால் என்ன?

எங்கள் நாடகம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அன்று மாலையே நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கிண்டல் செஞ்சது தப்பும்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனை எடுத்து ஒரு புதுக் குரூப் தொடங்கினாள். அவனையும் சேர்த்தாள். எல்லாம் பச்சையானது. ஒருவரும் வெளியேறவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அவன் எல்லோருக்கும் முன்னால் வந்து, கரும்போடு வாசலில் நின்றான்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் குரூப்பைத் திறந்து பாருங்கள். அதில் யார் இல்லை? ஏன் இல்லை? காரணம் ஒரு நிறம்தான் என்றால், இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். என் கருத்தை நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை. ஏன் ஏற்கவில்லை என்று பத்து வரியில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் போனில் எழுதினாலும் படிப்பேன்.